நகைப் பட்டறைப் புகையும் பிட்யூட்டரி சுரப்பியும்: இஞ்சி எதுவரை காக்கும்?

கேள்வியின் சாரம் இது. கணவருக்கு 44 வயது. மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு நகைப் பட்டறையில் பல வருடங்களாகப் பற்றவைக்கும் வேலை. கொஞ்ச காலமாக ஓயாத களைப்பு, தாம்பத்தியத்தில் நாட்டமில்லை. கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டெஸ்டோஸ்டிரோன் குறைவு. இதற்கிடையே, “ரசாயன நச்சிலிருந்து பிட்யூட்டரி சுரப்பியை இஞ்சி காப்பாற்றுகிறது, எலிகளில் நிரூபணம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. தினமும் காலையில் வெறும் வயிற்றில் 50 மில்லி இஞ்சிச் சாறு கொடுக்கலாமா, அல்லது லிட்டில் இந்தியா கடைகளில் விற்கும் இஞ்சி மாத்திரை வாங்கலாமா?

சகோதரி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 50 மில்லி சாறு வேண்டாம். குழம்பில் போடும் இஞ்சியும் நாளுக்கு ஒரு கோப்பை இஞ்சித் தேநீரும் தாராளமாகத் தொடரட்டும். அந்தச் செய்தி முழுப் பொய் இல்லை, எலிகளில் அப்படி நடந்திருக்கிறது. ஆனால் உங்கள் கணவர் விஷயத்தில் உடனே தெரிய வேண்டியவை வேறு: பட்டறையில் எந்தப் பொடி வைத்துப் பற்றவைக்கிறார்கள், காலை நேர ஹார்மோன் பரிசோதனை என்ன சொல்கிறது, அவர் வீட்டுக்குத் தெரியாமல் வேறு மாத்திரையோ பொட்டலமோ சாப்பிடுகிறாரா. இஞ்சி குடிக்கிறோமே என்ற நிம்மதியில் இவற்றைத் தள்ளிப்போட்டால் அதுதான் பெரிய நஷ்டம்.

ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

பிட்யூட்டரி பட்டாணி அளவுள்ள சுரப்பி. எடை அரை கிராமுக்குச் சற்று மேல். மூளையின் அடியில் ஓர் எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தைராய்டு, அட்ரினல், விரை, சூலகம் எல்லாவற்றுக்கும் உத்தரவு இங்கிருந்துதான் போகிறது. மூளையின் பெரும்பகுதியைச் சுற்றி ரத்தத்தில் வரும் பொருள்களை வடிகட்டும் ஒரு தடுப்பு உண்டு. பிட்யூட்டரிக்கு அந்தத் தடுப்பு கிடையாது. ஹார்மோன் சட்டென்று ரத்தத்தில் கலக்க வேண்டும் என்பதால் இதன் தந்துகிக் குழாய்களின் சுவரில் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. ரத்த ஓட்டமும் அதிகம். ஹார்மோன் வெளியேறும் அதே வழியில் ரத்தத்தில் மிதக்கும் நச்சும் உள்ளே வருகிறது. பூச்சிமருந்து, கன உலோகம், பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பொருள் என்று ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக எடுத்து இந்தச் சுரப்பியில் சோதித்துப் பார்ப்பதற்கு அதுதான் காரணம்.

நச்சு இதைக் கெடுக்கும் வழி ஒன்றல்ல. முதல் வழி ஆக்சிஜனேற்றம். நச்சுப்பொருள் செல்லுக்குள் நிலையற்ற ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெருக்குகிறது. அவை செல்லின் கொழுப்புச் சவ்வை அரிக்கின்றன, மைட்டோகாண்ட்ரியா பழுதாகிறது, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. இரண்டாவது, ஆள்மாறாட்டம். காட்மியம் அயனியும் கால்சியம் அயனியும் ஏறக்குறைய ஒரே அளவு. ஹார்மோனை வெளியே விடும் சைகை கால்சியத்தால் நடப்பதால், காட்மியமும் ஈயமும் அந்த இடத்தில் புகுந்து குழப்புகின்றன. பிஸ்பீனால் ஏ என்ற பிளாஸ்டிக் சேர்மம் ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கிறது. அது எலிகளில் புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் பிட்யூட்டரி ஹார்மோன்) சுரப்பைத் தூண்டியதை 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. மூன்றாவது வழியில் சுரப்பிக்கு நேரடி அடி எதுவும் விழுவதில்லை, மேலே இருந்து அதற்கு உத்தரவிடும் மூளைப் பகுதியான ஹைப்போதாலமஸ் கெடுகிறது. பிறந்த எலிக்குட்டிகளுக்கு மோனோசோடியம் குளுட்டமேட்டை ஊசியில் செலுத்தியபோது அந்தப் பகுதி நரம்புச் செல்கள் செத்துப்போனதை 1969-இல் ஜான் ஓல்னி காட்டினார். உத்தரவு வராததால் பிட்யூட்டரி சிறுத்துப்போகிறது. பிறந்த குட்டிக்கு ஊசியில் போட்டது அது. பெரியவர்கள் மீ கோரெங்கில் சாப்பிடும் சுவையூட்டிக்கு அந்த முடிவைப் பொருத்தக் கூடாது.

இந்த வழிகளில் இஞ்சிக்கு நல்ல வேலை இருப்பது முதலாவதில் மட்டும்.

பச்சை இஞ்சியின் காரம் ஜின்ஜரால்களிலிருந்து வருகிறது. அவற்றில் 6-ஜின்ஜரால் அதிகம். காய வைக்கும்போதும் சூடாக்கும்போதும் அதிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு கழன்று ஷோகால் ஆகிறது. சுக்கு பச்சை இஞ்சியைவிடக் கடுமையாக உறைப்பது அதனால்தான். இந்த ஷோகால் வேதியியல் ரீதியாகத் துடிப்பானது. செல்லுக்குள் கீப்-1 என்ற புரதம் என்ஆர்எஃப்-2 என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஷோகால் கீப்-1-இல் உள்ள கந்தக முனைகளில் ஒட்டிக்கொண்டதும் என்ஆர்எஃப்-2 விடுபட்டு உட்கருவுக்குள் போய், குளூட்டாதயோன் உருவாக்கும் நொதிகளையும் ஹீம் ஆக்சிஜனேஸ் போன்ற காப்பு நொதிகளையும் கூட்டுகிறது. அதாவது இஞ்சி நேராகப் போய் நச்சோடு சண்டை போடுவதைவிட, செல்லின் சொந்தக் காப்பு ஏற்பாட்டை எழுப்பிவிடுவதுதான் அதிகம். கூடவே அழற்சியைத் தூண்டும் என்எஃப்-கப்பா-பி பாதையையும் தணிக்கிறது. இதெல்லாம் ஆய்வகத்தில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயங்கள்; மிகையாகச் சொல்லப்பட்டவை இல்லை.

எலி ஆய்வுகள் பொதுவாக எப்படி நடக்கும் என்று தெரிந்தால் அந்த வாட்ஸ்அப் செய்தியைச் சரியாக எடைபோடலாம். எலிகளை நான்கு குழுவாகப் பிரிப்பார்கள்: எதுவும் கொடுக்காத குழு, இஞ்சி மட்டும், நச்சு மட்டும், நச்சும் இஞ்சியும். சில வாரங்கள் குழாய் வழியாக வயிற்றுக்குள் நேராகக் கொடுத்துவிட்டு, பிட்யூட்டரியை எடுத்து மெல்லிய சீவலாக்கிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஆரோக்கியமான சீவலில் இளஞ்சிவப்புச் செல்கள், நீலஊதாச் செல்கள், சாயம் ஏறாத வெளிறிய செல்கள் கொத்துக்கொத்தாக இருக்கும், நடுவே மெல்லிய ரத்தத் தந்துகிகள். நச்சுக் குழுவில் செல்லுக்குள் குமிழ் குமிழாக வெற்றிடங்கள், சுருங்கிக் கறுத்த உட்கருக்கள், ரத்தம் தேங்கிப் புடைத்த தந்துகிகள். இஞ்சியும் சேர்த்த குழுவில் இந்தச் சேதம் குறைந்திருக்கும், ஆனால் பெரும்பாலும் முழுதாகப் போயிருக்காது. “காப்பாற்றுகிறது” என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது இந்தக் காட்சிதான்.

இதில் எங்கெங்கே சறுக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். வளர்ந்த ஆண் எலியின் பிட்யூட்டரி சுமார் 10 மில்லிகிராம். அதில் பாதியைச் சீவலுக்குக் கொடுத்தால் வேதிச் சோதனைக்கு மிஞ்சுவது மிகச் சொற்பம். அதனால் பல எலிகளின் சுரப்பியைச் சேர்த்து அரைக்க வேண்டியிருக்கும், அல்லது மூளைத் திசுவிலோ ரத்தத்திலோ அளந்துவிட்டு அதைப் பிட்யூட்டரிக்கும் பொருத்திப் பேச வேண்டியிருக்கும். டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும்படி விரைக்குப் பிட்யூட்டரி அனுப்பும் எல்எச் (LH) ஹார்மோன் துடிப்புத் துடிப்பாகச் சுரப்பது. ஒரே ஒரு முறை எடுத்த ரத்தத்தில் அது குறைந்திருந்தால், இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரமாகவும் இருக்கலாம். தொண்டையில் குழாய் விடும் அழுத்தமே எலிக்குப் புரோலாக்டினையும் கார்ட்டிகோஸ்டீரோன் என்ற மன அழுத்த ஹார்மோனையும் ஏற்றும். எந்தச் சீவல் எந்தக் குழு என்று தெரிந்தே நுண்ணோக்கியில் பார்த்தால், கண் தான் எதிர்பார்ப்பதைத்தான் பார்க்கும்.

இவற்றைவிட முக்கியமானது நேரம். இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் இஞ்சி நச்சுக்கு முன்பே அல்லது நச்சோடு சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. இரண்டும் ஒரே வயிற்றுக்குள் ஒரே நேரத்தில் போனால், நச்சு உறிஞ்சப்படும் அளவே குறைந்திருக்கலாம். சேதம் நடந்து வருடங்கள் ஆன பிறகு இஞ்சி கொடுத்தால் சுரப்பி மீளுமா என்ற கேள்விக்கு அந்த வடிவமைப்பு விடை தராது. உங்கள் கேள்வி அதுதானே.

இனி அளவு. எலிக்குக் கொடுத்ததை மனிதருக்கு மாற்ற நேராக எடைக்கு எடை கணக்குப் போடக் கூடாது. உடற்பரப்பை வைத்து மாற்றும் வழக்கமான முறையில் எலி அளவை 6.2-ஆல் வகுக்க வேண்டும். ஓர் ஆய்வில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் எத்தனால் சாறு கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் மனிதருக்குக் கிலோவுக்கு 32 மில்லிகிராம். 70 கிலோ ஆளுக்கு 2.2 கிராம். பார்க்கச் சிறிதாகத் தெரியும். ஆனால் அது இஞ்சி அல்ல, செறிவான பிசின்சாறு. காய்ந்த இஞ்சியில் அது அதிகபட்சம் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஆக 22 கிராம் சுக்கு. பச்சை இஞ்சியில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால், தினமும் 110 கிராம் பச்சை இஞ்சி.

50 மில்லி சாறு எடுக்கவும் ஏறக்குறைய 100 கிராம் இஞ்சி போகும், அப்படியானால் கணக்குச் சரியாக வருகிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். கணக்கு வரும், உடம்பு தாங்காது. மனிதரில் குமட்டலுக்காக நடந்த நல்ல ஆய்வுகள் பயன்படுத்தியது நாளுக்கு ஒரு கிராம் அளவு சுக்குத்தூள். பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மேல்வரம்பு நாளுக்கு 4 கிராம். புற்றுநோய்ச் சிகிச்சையில் வரும் குமட்டலுக்காக 576 நோயாளிகளிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், அரை கிராமும் ஒரு கிராமும் நன்றாக வேலை செய்தன. ஒன்றரை கிராம் அவற்றை மிஞ்சவில்லை. வெறும் வயிற்றில் செறிந்த சாறு போனால் நெஞ்செரிச்சல், வயிற்றுப்போக்கு, வாய் எரிச்சல் வரும். நாலு நாளில் அவரே வேண்டாம் என்று வைத்துவிடுவார்.

குடித்ததில் எவ்வளவு சுரப்பியை எட்டும் என்பது அடுத்த தடை. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் 27 ஆரோக்கியமானவர்களுக்கு 100 மில்லிகிராம் முதல் 2 கிராம் வரை இஞ்சிச் சாறு கொடுத்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 6-ஜின்ஜராலும் 6-ஷோகாலும் தனி வடிவில் ரத்தத்தில் தென்படவில்லை. குடலும் ஈரலும் அவற்றில் சர்க்கரை அமிலத்தையோ சல்ஃபேட்டையோ ஒட்டி வெளியேற்றத்துக்குத் தயாராக்கிவிட்டன. ஆய்வகத் தட்டில் வளர்க்கும் செல்லின் மேல் ஊற்றுவது தனி வடிவ ஜின்ஜரால். ஆக, தட்டில் செல் பிழைத்தது என்ற முடிவுக்கும் தேநீர் குடித்தவரின் பிட்யூட்டரிக்கும் நடுவே ஈரல் நிற்கிறது. மிளகு சேர்த்தால் இது தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். மிளகிலுள்ள பைப்பரின் அந்த ஒட்டும் வேலையை ஓரளவு தடுப்பது உண்மை, ஆனால் அவர் சாப்பிடும் மற்ற மருந்துகள் வெளியேறுவதையும் அது சேர்த்தே தடுக்கும். சமையல் அளவு மிளகு போதும்.

இப்போது பட்டறைக்கு வருவோம். உங்கள் கேள்வியில் நான் அதிகம் கவலைப்படும் இடம் இதுதான். தங்கம் பற்றவைக்கும் பொடியில் காட்மியம் கலப்பது பழைய வழக்கம். கேடிஎம் நகை என்ற பெயரே அதிலிருந்து வந்தது. காட்மியம் 321 டிகிரியில் உருகி 767 டிகிரியில் கொதிக்கும். தங்கம் பற்றவைக்கும் சூட்டில் அது ஆவியாகி, காற்றில் பட்டதும் கண்ணுக்குப் பழுப்பாகத் தெரியும் நுண்புகையாகிறது. வாய்வழியே போகும் காட்மியத்தில் ஏறக்குறைய 5 சதவீதம் உடம்பில் ஏறும். நுரையீரல் வழியே போவதில் 10 முதல் 50 சதவீதம் வரை ஏறும். ஏறியது சிறுநீரகத்திலும் ஈரலிலும் தங்கி, பாதி வெளியேறவே 10 முதல் 30 வருடம் ஆகும். மூச்சில் வரும் புகைக்கு வயிற்றில் இருக்கும் இஞ்சி ஒன்றும் செய்யாது. உடம்பில் தங்கிய உலோகத்தை வெளியே இழுத்துப் போடும் சக்தியும் இஞ்சிக்கு இல்லை. “இஞ்சி உடம்பிலுள்ள கன உலோகத்தைக் கழுவிவிடும்” என்று எழுதியிருந்தால் அந்த வரியை நம்ப வேண்டாம்.

பட்டறையில் கேட்க வேண்டியது பொடியின் பாதுகாப்புத் தரவுத் தாள், சுருக்கமாக எஸ்டிஎஸ். விற்பவர் அதைக் கொடுத்தாக வேண்டும். அதில் 16 பகுதிகள் இருக்கும். 3-ஆம் பகுதியில் கலவை விவரம்; அங்கே காட்மியம் என்றோ 7440-43-9 என்ற எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பொடியை மாற்றுவதே முதல் சிகிச்சை. துத்தநாகம், இண்டியம் கலந்த காட்மியம் இல்லாத பொடிகள் கிடைக்கின்றன. அவற்றின் உருகுநிலையும் ஓட்டமும் வேறு மாதிரி என்பதால் ஆரம்பத்தில் கை பழக வேண்டும். “சரியாக ஓடவில்லை” என்று பழைய பொடிக்குத் திரும்புவது அதனால்தான். புகை உறிஞ்சி தலைக்கு மேலே கூரையில் இருந்தால், புகை முகத்தைக் கடந்துதான் மேலே போகும். உறிஞ்சும் வாய் மேசை மட்டத்தில், சுடரிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், ஆளுக்கு எதிர்ப்புறமாக இருக்க வேண்டும். துணி முகக்கவசமும் ஆஸ்பத்திரி நீல முகக்கவசமும் உலோக நுண்புகையைத் தடுக்காது. முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் பி100 வடிகட்டி வேண்டும், தாடி இருந்தால் அதுவும் கசியும். மேசையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். டீயும் ரொட்டியும் மேசைக்கு வரக் கூடாது. வேலை உடுப்பு பட்டறையிலேயே இருக்கட்டும், குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். சிகரெட் பிடிப்பவரானால், ஒவ்வொரு சிகரெட்டிலும் ஒன்றிரண்டு மைக்ரோகிராம் காட்மியம் இருக்கிறது. அதை விடுவது எந்தக் கஷாயத்தையும்விடப் பெரிய உதவி.

இது முதலாளியின் நல்லெண்ணத்தைப் பொறுத்த விஷயமும் இல்லை. ரசாயன ஆபத்து மதிப்பீடு செய்வதும், தேவைப்பட்டால் தொழில்சார் மருத்துவரிடம் தொழிலாளியைக் காட்டுவதும் மலேசியாவின் 2000-ஆம் ஆண்டு ரசாயன விதிமுறைகளின்படி முதலாளியின் கடமை. தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் சின்னப் பட்டறைகளையும் சேர்த்துக்கொள்கிறது. பேசிப் பார்த்தும் நடக்காவிட்டால் ஜேகேகேபி (தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) அலுவலகம் இருக்கிறது. தொழிலால் வந்த நோய் என்று மருத்துவர் உறுதிப்படுத்தினால் சொக்சோவிலும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இழப்பீடு கோரலாம்.

ஒரு எச்சரிக்கை. பற்றவைத்த அன்று ராத்திரி குளிர்காய்ச்சல், இருமல், நெஞ்சு இறுக்கம் வந்தால் அதை ஃப்ளூ என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் போட்டுக் காத்திருக்கக் கூடாது. காட்மியப் புகை சில மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும், நுரையீரல் நீர்கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போய், “உலோகம் பற்றவைத்த புகை” என்று சொல்ல வேண்டும். ஆலோசனை சொல்ல தேசிய நச்சு மையம் பினாங்கிலேயே, யூஎஸ்எம் வளாகத்தில் இருக்கிறது.

சரி, டெஸ்டோஸ்டிரோன் குறைவு பிட்யூட்டரியால் வந்ததா? அதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது, பலர் செய்வதில்லை. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், சாப்பிட்ட பின் இறங்கும். மாலை வேலை முடிந்து கிளினிக்குக்குப் போய் எடுத்த ரத்தமானால் அந்த எண்ணை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. காலை 7 முதல் 10 மணிக்குள், சாப்பிடாமல், இரண்டு வெவ்வேறு நாளில் எடுக்க வேண்டும். கூடவே எல்எச், அதன் துணை ஹார்மோனான எஃப்எஸ்எச் (FSH), புரோலாக்டின், தைராய்டுக்குப் பிட்யூட்டரி அனுப்பும் டிஎஸ்எச் (TSH), தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 (Free T4), அட்ரினல் ஹார்மோனான கார்ட்டிசோல் (காலை 8 மணிக்கு) கேளுங்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்எச் உயர்ந்திருந்தால் பழுது விரையில். பிட்யூட்டரி கத்திக்கொண்டிருக்கிறது, கேட்க ஆளில்லை. இரண்டும் குறைந்திருந்தால், அல்லது எல்எச் “நார்மல்” என்ற எல்லைக்குள் அசையாமல் கிடந்தால், பழுது பிட்யூட்டரியிலோ அதற்கு மேலேயோ. தைராய்டுக்கும் இதே கணக்கு: ஃப்ரீ டி4 குறைந்தும் டிஎஸ்எச் உயராமல் இருந்தால் பிட்யூட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். டிஎஸ்எச் மட்டும் பார்த்துவிட்டு “தைராய்டு சரி” என்றால் இது தவறிப்போகும்.

இரண்டும் குறைந்திருந்தாலும் உடனே பட்டறைப் புகையைக் குற்றம் சொல்லிவிட முடியாது. நம்மவர்களில் நீரிழிவும் தொப்பையும் அதிகம். இந்தக் கோலத்தைக் காட்டும் மிகப் பொதுவான காரணம் அவைதான். குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நிற்பதும் சேர்ந்துகொள்ளும். டிராமடால் போன்ற வலிமாத்திரை எல்எச்சை அடக்கும். வயிற்றுக்கான டொம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு புரோலாக்டினை ஏற்றும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். மனிதரில் ஓர் உலோகம் பிட்யூட்டரியைக் கெடுப்பதற்குத் தெளிவான, மறுக்க முடியாத உதாரணம் இரும்பு. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளிடம் மிதமிஞ்சிய இரும்பு இந்தச் சுரப்பியில் படிகிறது. எல்எச், எஃப்எஸ்எச் சுரக்கும் செல்கள்தான் முதலில் அடிபடும். அங்கேயும் வைத்தியம் இரும்பை வெளியேற்றும் மருந்து.

காட்மியத்துக்குச் சிறுநீர்ப் பரிசோதனை, கிரியாட்டினினுக்குச் சரிசெய்த அளவாக வேண்டும். அது பல வருடச் சேர்மானத்தைக் காட்டும். ரத்தக் காட்மியம் அண்மைக்கால வெளிப்பாட்டைக் காட்டும். சிறுநீரகக் குழாய்ச் சேதம் இருக்கிறதா என்று அறிய, சிறுநீரில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதத்தைப் பார்ப்பார்கள். பட்டறைக் கழிப்பறையில் வேலைக் கையோடு மாதிரி எடுத்தால் கையிலிருக்கும் தூளே அளவை ஏற்றிவிடும். குளித்து, சுத்தமான உடுப்பில், வீட்டில் எடுக்க வேண்டும். கெராங் (சிப்பி) அதிகம் சாப்பிடுபவரானால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், சிப்பி வகைகளில் காட்மியம் சேரும். ஈயமும் பார்ப்பதானால் முழு ரத்தத்தில் பார்க்க வேண்டும், சீரத்தில் அல்ல.

அடுத்தது, நீங்கள் கேட்காதது. இங்கே பிட்யூட்டரியை அடக்கிவிடும் ரசாயனங்களில் கையில் எளிதாகக் கிடைப்பது, “இயற்கை மருந்து” என்ற பெயரில் விற்கும் பொட்டலத்துக்குள் ஒளிந்திருக்கும் ஸ்டீராய்டு. மூட்டுவலி ஜாமு (மலாய் மூலிகை மருந்து), உடல்வலி மாத்திரை, ஆண்மைக் காப்பி என்று விற்பவற்றில் டெக்ஸாமெத்தசோன் அல்லது சில்டெனாஃபில் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இவற்றில் பலவற்றின் அட்டையில் இஞ்சி, தேன், தொங்காட் அலி படம் இருக்கும். சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் உப்பும். உடம்பில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருப்பதால் பிட்யூட்டரி அட்ரினலுக்கு அனுப்பும் ஏசிடிஎச் (ACTH) ஹார்மோனைச் சுரப்பதை நிறுத்துகிறது, அட்ரினல் சோம்பிப்போகிறது, டெஸ்டோஸ்டிரோனும் இறங்கும். களைப்பும் நாட்டமின்மையும் இதனாலேயே வரலாம்.

அவர் அப்படி எதையாவது மாதக்கணக்கில் சாப்பிட்டு வருகிறார் என்று தெரிந்தால், கோபத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்குதல் என்று அட்ரினல் நெருக்கடி வரலாம், உயிருக்கு ஆபத்து. பொட்டலத்தோடு மருத்துவரைப் பாருங்கள். அவர் காலை கார்ட்டிசோல் பார்த்துப் படிப்படியாகக் குறைப்பார். டெக்ஸாமெத்தசோனானால் கார்ட்டிசோல் அளவு தரையில் கிடக்கும். பிரெட்னிசோலோனானால் பல பரிசோதனைக் கருவிகள் அதையும் கார்ட்டிசோல் என்று எண்ணிக்கொள்வதால் முடிவு பொய்யாக நல்லபடி தெரியலாம். அதனால்தான் பொட்டலம் மேசைமேல் இருக்க வேண்டும்.

இஞ்சி மாத்திரை வாங்கலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. வாங்கினால், அட்டையில் “எம்ஏஎல்” (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கங்களும் கடைசியில் “டி” (T) எழுத்தும் கொண்ட பதிவு எண் இருக்க வேண்டும். டி என்பது பாரம்பரிய மருந்து. எண்ணை அச்சடிப்பது சுலபம். ஆகவே மருந்துகளைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான என்பிஆர்ஏ-வின் (NPRA) இணையத் தேடலில் அந்த எண்ணைப் போட்டு, வரும் பெயரும் கையிலுள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். என் எண்ணம், மாத்திரைக்கே தேவையில்லை. சந்தையில் கிடைக்கும் பெந்தோங் இஞ்சி போதும்.

அதை இப்படிச் செய்யுங்கள். கட்டைவிரல் நுனி அளவு, 5 கிராம் இஞ்சியைத் தோல் சீவி மெல்லிய வில்லைகளாக நறுக்கி, 250 மில்லி தண்ணீரில் மூடி போட்டு 10 நிமிடம் சிறு தீயில் கொதிக்க விடுங்கள். மூடி இல்லாவிட்டால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். சுக்கானால் ஒரு கிராம், அதாவது அரைத் தேக்கரண்டி தூள், இதற்குச் சமம். நம் ஊர் ஈரப்பதத்தில் சுக்கு சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பச்சையாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தாதீர்கள்; நஞ்சு உள்ளேயும் இறங்கியிருக்கும், முழுத் துண்டையும் எறிந்துவிடுங்கள். இனிப்பான பாலோடு தே ஹலியாவாகத் தினமும் மூன்று கோப்பை போனால் சீனிதான் சேரும். அவருடைய எடைக்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் அது எதிரி.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் சமையல் அளவைத் தாண்டக் கூடாது. ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் எண்) ஏறியதாக மருத்துவப் பதிவுகள் உண்டு. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிடுபவர்களும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் அப்படியே. நீரிழிவு மாத்திரையோடு அதிக அளவு இஞ்சி சேர்ந்தால் சர்க்கரை இன்னும் கொஞ்சம் இறங்கலாம், அளந்து பாருங்கள். அறுவை சிகிச்சை இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இதற்கிடையில் அவருக்கு விடாத தலைவலியோ, பக்கவாட்டுப் பார்வை மங்கி வண்டி ஓட்டும்போது பக்கத்தில் வருவது தெரியாமல் போவதோ இருந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். பிட்யூட்டரி வீங்கி மேலே உள்ள கண் நரம்பை அழுத்தும்போது அப்படித்தான் வரும், எம்ஆர்ஐ தேவைப்படும். அந்தக் குறிகள் இல்லையென்றால் இந்த வாரமே கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) காலைப் பரிசோதனைக்கு நாள் வாங்குங்கள். போகும்போது பழைய ரிப்போர்ட், பொடியின் எஸ்டிஎஸ் தாளின் படம், வீட்டிலும் பட்டறை அலமாரியிலும் உள்ள எல்லா மாத்திரை, பொட்டலங்கள், ரத்தம் எடுத்த நேரம் எழுதிய குறிப்பு ஆகியவற்றை ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எல்எச் குறைவாக வந்தால் எண்டோகிரைன் (ஹார்மோன் நோய்) பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள்.